நியாண்டர்தால் நம்மாளா, இல்ல வேறாளா? தாண்டிக்குடி மலையில ஒரு சண்டை

காபிக்காரன்:
நேத்து ஒருத்தர், நமக்கு முன்னாடி வாழ்ந்து அழிஞ்சு போன மனுச இனமான நியாண்டர்தால் செத்தவங்கள பூ வச்சு பொதச்சான், முடியாதவங்கள பாத்துக்கிட்டான்னு உருகி எழுதிருந்தாரு. நம்ப முடியலப்பா. 1908ல பிரான்ஸ்ல கெடச்ச ஒரு நியாண்டர்தால் எலும்ப வச்சு கூன் விழுந்த அரைக்குரங்குன்னு சொன்னதும் விஞ்ஞானிங்கதான், இப்ப தலைல தூக்கி வச்சு ஆடுறதும் அவங்கதான்.

பண்ணைக்காடு டீச்சர்:
தம்பி, அந்த ஆளுக்கு மூட்டுவாதம், 1957ல திரும்ப ஆராய்ஞ்சு அத சொல்லிட்டாங்க, ஒரு நோயாளிய பாத்து மொத்த கூட்டத்தையும் எடபோட்டா எப்படி? இப்ப எலும்பு மட்டுமில்ல, 2010ல மரபணு விஞ்ஞானி ஸ்வான்டே பாபோ டீம் நியாண்டர்தால் மரபணுவையே படிச்சாங்க, 2022ல அவருக்கு நோபலும் வந்துச்சு. ஆப்பிரிக்காவுக்கு வெளிய வேர் உள்ளவங்ககிட்ட ஒண்ணு ரெண்டு சதவீதம் அவங்க மரபணு, உன்கிட்டயும்தான்.

மலைத்தேனீ:
டீச்சர், பூ மேட்டர்ல மட்டும் நான் காபிக்காரன் பக்கம். ஈராக்ல ஷனிதார் குகையில நியாண்டர்தால் எலும்புக்கூடு கெடந்த மண்ணுல மகரந்தம் கொத்தா இருந்துச்சு, அதான் ஆதாரமே. எங்க தோட்டத்து மண்திட்டுல தனியா வாழுற தேனீ ஒண்ணு சுண்டுவிரல் நுழையாத ஓட்டை போட்டு, உள்ள மகரந்தத்த உருண்டை புடிச்சு மேல முட்டை வைக்கும், ஒடச்சா மஞ்சமாவு மாதிரி உதிரும். அங்கயும் தேனீ வேலையா இருக்கலாம்னு ஆய்வாளருங்களே சொல்றாங்க.

காபிக்காரன்:
அப்படி போடு!!

பண்ணைக்காடு டீச்சர்:
ரொம்ப துள்ளாத. அதே குகைல இன்னொருத்தன், இடது கண்ணுப்பக்கம் அடி, வலது கை சூம்பி கீழ்க்கையே இல்ல, காதும் அடைபட்டிருக்கு, அப்படியும் ரொம்ப வருசம் வாழ்ந்திருக்கான். யாரு சோறு போட்டா?

காபிக்காரன்:
உகாண்டா காட்டுல வேட்டைக்காரங்க வச்ச சுருக்குக் கண்ணியில சிக்கி கை போன சிம்பன்சியும்தான் பொழைக்குது, அதுக்கு யாரு ஊட்டுனா?

பண்ணைக்காடு டீச்சர்:
அதுக்கு கண்ணும் காதும் நல்லா இருக்குல்ல..

புதுப்பையன்:
அண்ணா, செத்தவங்களுக்காக கல்லு அடுக்கி கட்டுன நம்ம தாண்டிக்குடி கல்திட்டையும் இவங்க வேலையா?

மலைத்தேனீ:
இல்லடா, அது ரொம்ப பின்னாடி வந்த இரும்புக்காலம். நியாண்டர்தால் அழிஞ்சே கிட்டத்தட்ட 40,000 வருசம். இந்தியாவுல அவங்க எலும்பு இதுவரைக்கும் கெடைக்கல, ஆனா மரபணு வந்துருக்கு. கொரோனாவ தீவிரமாக்குற, மூணாம் குரோமோசோம்ல இருக்குற மரபணுத் துண்டு அவங்க வழி வந்ததுன்னு 2020ல கண்டுபிடிச்சாங்க, தெற்காசியாவுல பாதி பேர்கிட்ட இருக்காம்.

காபிக்காரன்:
தாத்தா சொத்து வைப்பாருன்னு பாத்தா வியாதிய வச்சிட்டு போயிருக்காரு 😄 மரபணு இருந்தா கலந்தாங்கன்னுதான் அர்த்தம் டீச்சர், மனசும் நம்மளுது மாதிரின்னு ஆயிடுமா?

பண்ணைக்காடு டீச்சர்:
அப்ப பிரான்ஸ் ப்ரூனிக்கேல் குகைல, வாசல்ல இருந்து 300 மீட்டருக்கு மேல உள்ள, கும்மிருட்டுல, தரையில முளைச்ச சுண்ணாம்புத் தூணுங்கள ஒடச்சு வட்டமா அடுக்கி தீ மூட்டுனது யாரு? சுமார் 1,76,000 வருசம் முன்னாடி. வெளிச்சம் கொண்டு போகணும், ஆள் சேக்கணும், பேசி வச்சு செய்யணும்.

காபிக்காரன்:
சரி, எதுக்கு அடுக்குனான்? அத சொல்லுங்க பாப்போம்.