புதுப்பிப்பு: பனிக்கவிகையில் கடைசி நாள்

கிரீன்லாந்தின் நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும் பனிப்பரப்பான பனிக்கவிகையைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த எங்கள் பயணத்தை 26ஆம் நாள் வரை எழுதி, கடைசி நாளைப் பிறகு சொல்வதாக நிறுத்தியிருந்தேன். தக்கலைக்குத் திரும்பிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

இறக்கம்தானே, எளிதாக இருந்திருக்குமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அன்றுதான் மிகக் கடினம். ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில்கூடச் சமமாகக் கிடந்த பனி, மேற்கு விளிம்பில் உருகி, ஆளுயர மேடுகளாகவும் நீல நீரோடைகளாகவும் உடைந்திருந்ததால், ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகைகளைக் கழற்றி, காலணியில் முள்தகடு பூட்டி, சறுக்குவண்டியை ஒவ்வொரு மேட்டிலும் இருவராகப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. இதற்கே 14 மணி நேரம் ஆயிற்று.

பனி முடிந்து நிலம் தொடங்கும் பாயிண்ட் 660 என்னும் இடத்தில் சரளையில் கால் வைத்ததும் மண்வாசனை வந்தது. வாரக்கணக்கில் எந்த மணமும் அறியாத எனக்கு, மழை நனைத்த எங்கள் ரப்பர் தோட்டமே நினைவில் எழ, அழுதுவிட்டேன். வழியெல்லாம் கல்லாய் உறைந்திருந்த அம்மாவின் கருப்பட்டி அன்று விரலில் ஒட்டியது. கடைசித் துண்டை ஆறு பேரும் பகிர்ந்துகொண்டோம்.

1888இல் இதே திசையில் முதன்முதலாகக் கடந்த, நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சனின் குழுவினரும் அறுவரே. அவர்கள் கரையை அடைந்தபின் கூடாரத் துணியால் படகு கட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கோ வண்டி காத்திருந்தது.

பயணத்தில் மரத்துப்போன என் காலைப் பற்றி விசாரித்தவர்களுக்கு: இடது பெருவிரலில் மரத்த உணர்வு இன்னும் முழுமையாக நீங்கவில்லை.