கிணற்றில் மெஷின் வைக்கணுமா, வாய்க்காலைத் தூர்வாரணுமா?

கடைமடைக்காரன்:
எங்க ஊர்க் கிணறு ஒண்ணுல நீர்மட்டம், உப்பு ரெண்டையும் பதிவு பண்ற மெஷின் வைக்கப் போறாங்களாம். பத்து வருஷம் பதிவு எடுத்தாதான் பிரயோசனமாம். வயலுக்குத் தண்ணி கொண்டுவர்ற சின்னக் கிளை வாய்க்கால், அதான் சி, டி வாய்க்கால், தூர்ந்து கிடக்கு, அதுக்குக் காசில்லைன்னு சொன்னவங்க இதுக்கு எங்கேயிருந்து கொண்டுவந்தாங்க? தண்ணி உப்பா இல்லையான்னு வாயில ஊத்திப் பார்த்தாலே தெரியும்.

அளவுகோல்:
வாயில் ஊற்றிப் பார்த்தது கோர்ட்டில் நிற்காது அண்ணே. காவிரியில் கர்நாடகம் நமக்கு வருஷத்துக்கு 192 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் விட வேண்டும் என்று 2007-இல் காவிரி நடுவர் மன்றம் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூரு குடிநீருக்காகப் போனது. மீதி 10? தமிழ்நாட்டு டெல்டாவில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பாதியைக் கணக்கில் எடுக்கலாம் என்று கழித்தார்கள்.

கடைமடைக்காரன்:
அப்போ கணக்கு வச்சதாலதானே 10 டிஎம்சி போச்சு! என் கட்சிக்கே பேசுறீங்களே தம்பி 😄

அளவுகோல்:
சிரிக்கிற விஷயமில்லை. 20 என்பது டெல்டா மொத்தத்துக்கும் ஒரே எண். தஞ்சாவூர்ப் பக்கத்து நல்ல தண்ணீரையும் வேதாரண்யம் பக்கத்து உவரையும் ஒரே எண்ணில் அடக்க முடியுமா? உங்கள் கிணறு எந்தப் பக்கம் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? அந்தத் தீர்ப்பின் ஒதுக்கீடு 15 வருஷத்துக்குத்தான். 2033 ஒன்றும் தூரத்தில் இல்லை.

பத்து வருஷம் ஏன் என்றால், மழை பொய்த்த வருஷம் மட்டம் இறங்கும், ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தால் ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே கிணறு உண்மையிலேயே வற்றிக்கொண்டு போகிறதா என்று ரெண்டு மூணு வருஷப் பதிவில் பிரித்துப் பார்க்க முடியாது.

பழைய லஸ்கர்:
மதகுல அளவு எழுதி ரிட்டயர் ஆனவன் நான். ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. காவிரியில மொத்தம் 740 டிஎம்சின்னு நடுவர் மன்றம் கணக்குப் போட்டுச்சே, அது எங்களை மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா எழுதின அளவுலேருந்து வந்தது. அதே சமயம், மழையில நனைஞ்சுக்கிட்டு யாரு போறதுன்னு நேத்து அளவையே இன்னைக்கும் எழுதின ஆளையும் பார்த்திருக்கேன். மெஷின் வந்தாலும் பேட்டரி தீர்ந்தா யார் மாத்துவா? அதைக் கேளுங்க முதல்ல.

இன்னொண்ணு. மேட்டூர் மட்டம் மட்டும் ஊருக்கே மனப்பாடம், ஏன்? தினம் பேப்பர்ல வருது, அதைப் பார்த்துத்தான் நாத்தங்கால் விடுறோம். 2024-ல வழக்கமா திறக்கிற ஜூன் 12-ல அணையைத் திறக்கலை, ஜூலை கடைசியிலதான் திறந்தாங்க. அதுவரைக்கும் குறுவையைக் காப்பாத்த எல்லாரும் மோட்டாரைத்தானே போட்டோம்? கடலோரத்துல அப்படி இறைக்க இறைக்க உப்பு உள்ளே வரும். எவ்வளவு வந்துச்சுன்னு சொல்ல இங்க யார்கிட்டயாவது நம்பர் இருக்கா?

கடைமடைக்காரன்:
அந்த வருஷம் நானும்தான் ராத்திரி பகலா இறைச்சேன். ஒத்துக்கறேன்.

சரி, மெஷின் வைக்கட்டும். ஆனா எடுக்கிற அளவை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பூட்டி வைக்கக் கூடாது. மாசாமாசம் கிணத்துச் சுவத்துல பெயிண்ட்ல எழுதணும், மட்டம் இவ்வளவு, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) இவ்வளவுன்னு. ரெண்டு மாசம் எழுதலைன்னா மூணாவது மாசம் நான் கிராம சபையில மைக்கைப் பிடிப்பேன். வாய்க்கால் விஷயத்தை மட்டும் விடுறதா இல்லை.

அளவுகோல்:
பெயிண்ட் செலவு என்னுது.