பில்லிங் சாஃப்ட்வேர்: சில துணிப் பேருக்கு மட்டும் சேவ் நிக்குது, பில் நம்பர் 10-ஐத் தாண்டல, நைட் டிசிக்கு முந்தின நாள் தேதி

நொய்யல்கரை (திருப்பூர்):

வணக்கமுங்க. நிட்டிங் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கான வெப் பில்லிங். பிஎச்பி 8.1, மைஎஸ்க்யூஎல் 8, வெளிநாட்டுல ஒரு லினக்ஸ் விபிஎஸ் (வாடகை சர்வர்). ஏப்ரல் பொறந்ததுல இருந்து நாலு தொந்தரவு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்குதா இல்லையான்னே தெரியலைங்க.

துணிப் பேர் தமிழ்ல இருக்குது. 'இன்டர்லாக் 24 டயா', 'ஃப்ளீஸ்' இதெல்லாம் போட்டா சேவ் ஆகுது. 'சிங்கிள் ஜெர்சி', 'ரிப் 30 கவுண்ட்' போட்டா சக்கரம் சுத்திக்கிட்டே நிக்குது. கன்சோல்ல 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஜேசன் இன்புட்'. நெட்வொர்க் டேப்ல ஸ்டேட்டஸ் 200, ஆனா பதில் காலி. இங்கிலீஷ் பேர்னா எல்லாமே ஓடுது. டேபிள், கனெக்‌ஷன் ரெண்டும் யூடிஎஃப்8எம்பி4 (தமிழ் எழுத்தைத் தாங்கற குறிமுறை) தான்.

பில் நம்பர் புது வருசத்துல 1-ல இருந்து 10 வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் போடறதெல்லாம் 10-தான். போன வருசம் பூரா இதே கோடுதான் ஓடுச்சு. அப்ப 0001-னு பூஜ்யம் சேத்து இருந்துச்சு, இந்த வருசம் பூஜ்யம் வேண்டாம்னு எடுத்தாச்சு. அது ஒண்ணுதான் மாத்தம்.

நைட் ஷிப்ட்ல போடற டிசிக்கு (டெலிவரி செலான், துணி கூடப் போற தாள்) முந்தின நாள் தேதி விழுகுது. ரிப்போர்ட்ல காலண்டர்ல தேதி எடுத்தா பகல்லயும் ஒரு நாள் பின்னாடி போகுது.

கடைசியா, ரோல் வாரியா எடை போடற டிசில 83 ரோலுக்கு மேல போனா மிச்சம் காணாம போகுது. எர்ரரே வரல. ஒரு ரோலுக்கு 12 ஃபீல்டு. எதுல இருந்து புடிக்கறதுங்க?

சென்னிமலை_தறி (ஈரோடு):

மொதல் தொந்தரவு மட்டும் சொல்றேன். பிரிண்ட்டுக்காகத் துணிப் பேரை எங்கியோ 30-னு வெட்டற வரி இருக்கும், தேடுங்க. 'சப்ஸ்டர்' ஃபங்ஷனாத்தான் இருக்கும். அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும்.

தமிழ் யூனிகோட்ல ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ல 3 பைட். 'சி'ங்கறது ச, இகரக் குறி ரெண்டும் சேந்து 6 பைட். இடைவெளி, எண், இங்கிலீஷ் எழுத்து எல்லாம் ஆளுக்கு 1 பைட்.

இப்ப நீங்க குடுத்த பேரையே எண்ணுங்க. 'இன்டர்லாக்' 10 குறி, சரியா 30 பைட். வெட்டு சுத்தமா அதோட முடியுது. 'சிங்கிள் ஜெர்சி'ல 'சிங்கிள்' 24, இடைவெளி 1, ஜ வரைக்கும் 28. எகரக் கொம்பு 31-ல முடியணும், நீங்க 30-ல வெட்டறீங்க. கொம்போட 2 பைட் மட்டும் தொங்கிட்டு நிக்கும். 'இன்டர்லாக் 24 டயா', 'சிங்கிள் ஜெர்சி' ரெண்டுமே முழுசா 43 பைட்தான். ஒண்ணு தப்பிக்குது, ஒண்ணு மாட்டுது. வெட்டுக்குள்ள வர்ற 1 பைட் எழுத்துகளோட எண்ணிக்கை மூணால வகுபடலைன்னா உடையும். 'ஃப்ளீஸ்' 21 பைட், வெட்டே படாது.

உடைஞ்ச பைட் உள்ள வந்தா 'ஜேசன்_என்கோட்' (பதிலை ஜேசன் வடிவ எழுத்தா மாத்தற ஃபங்ஷன்) ஃபால்ஸ்னு திருப்பிக் குடுக்கும். ஃபால்ஸை எக்கோ பண்ணினா வெறும் காலி. அதனாலதான் ஸ்டேட்டஸ் 200, பதில் பூஜ்யம். எர்ரர் லாக்ல ஒரு வரி கூட விழாது. உறுதி பண்ண, அதுக்கு அடுத்த வரில 'ஜேசன்_லாஸ்ட்_எர்ரர்' என்ன சொல்லுதுன்னு பாருங்க. 5-னு வந்தா இதேதான். பிஎச்பி 7.3-ல இருந்து 'ஜேசன்_த்ரோ_ஆன்_எர்ரர்' கொடி இருக்குது, போட்டு வெச்சா இனி சத்தமில்லாம சாகாது.

சரி பண்ண, சர்வர்ல வெட்டறதையே எடுத்துருங்க. பிரிண்ட் பக்கம் எச்டிஎம்எல்னா சிஎஸ்எஸ் அகலத்துக்குத் தகுந்தாப்புல தானே மறைச்சுக்கும். வெட்டியே ஆகணும்னா 'எம்பி_சப்ஸ்டர்' பைட்டை உடைக்காது, ஆனா ஜெ-யை ஜ-ன்னு நிறுத்தும். முழு எழுத்தா நிக்கணும்னா இன்டிஎல் எக்ஸ்டென்ஷன்ல இருக்கற 'கிராஃபீம்_சப்ஸ்டர்'.

ஒரு விஷயம் அவசரமுங்க. பதில்தான் காலி, பில் டேட்டாபேஸ்ல ஏறியிருக்கும். சக்கரம் சுத்துதுன்னு ஆபீஸ்ல மறுபடி சேவ் அமுக்கியிருப்பாங்க. அதே பார்ட்டி, அதே தொகை, சில நிமிச இடைவெளில ரெண்டு பில் இருக்குதான்னு இன்னிக்கே பாருங்க.

ஊத்துக்குளி_வெண்ணெய்:

எதுக்கு இத்தனை சுத்து? 'ஜேசன்_இன்வேலிட்_யூடிஎஃப்8_சப்ஸ்டிட்யூட்' கொடி போட்டா சேவ் ஆயிரும். பில் நம்பருக்கு ஆட்டோ இன்க்ரிமென்ட் (டேபிளே தானா எண் குடுக்கறது). வேலை முடிஞ்சது.

பேரூர்_படித்துறை (கோவை):

ரெண்டுமே வேண்டாமுங்க. அந்தக் கொடி போட்டா சேவ் ஆகும், ஆனா உடைஞ்ச இடத்துல கேள்விக்குறி போட்ட கருப்புக் கட்டம் வரும், அது அப்படியே பிரிண்ட்லயும் போகும். ஆட்டோ இன்க்ரிமென்ட்ல, இன்செர்ட் தோத்து ரோல்பேக் (செஞ்சதையெல்லாம் திரும்ப எடுக்கறது) ஆனாலும் எடுத்த நம்பர் திரும்பி வராது. 57-க்கு அடுத்தது 59 வரும். ஜிஎஸ்டி விதி 46 கேக்கறது தொடர் வரிசை எண், 16 எழுத்துக்குள்ள, அந்த நிதியாண்டுக்குள்ள ரெண்டாவது தடவை வராம. நடுவுல ஓட்டை விழுந்தா ஆடிட்டர் கேப்பார்.

10-ல நிக்கற காரணம்: பில் நம்பர் ஃபீல்டு வார்சாராத்தான் (எழுத்து வகை) இருக்கணும், 'மேக்ஸ்' எடுத்து 1 கூட்டறீங்க. எழுத்தா ஒப்பிட்டா '9' பெருசு, '10' சின்னது, ஏன்னா மொதல் எழுத்து 1. அதனால மேக்ஸ் எப்பவும் 9, அடுத்தது எப்பவும் 10. போன வருசம் 0009, 0010-னு நீளம் ஒண்ணா இருந்ததால எழுத்து வரிசையும் எண் வரிசையும் பொருந்திப் போச்சு. பூஜ்யத்தை எடுத்ததும் வெளிய வந்துருச்சு.

எண்ணா மாத்தினா 10-ஐத் தாண்டும், ஆனா அதோட விடாதீங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல சேவ் பண்ணினா ரெண்டு பேருக்கும் ஒரே மேக்ஸ்தான் கிடைக்கும். இப்படிப் பண்ணுங்க:

கவுன்ட்டருக்குன்னு தனி டேபிள். நிதியாண்டு, வரிசை (பில், டிசி, கிரெடிட் நோட்), கடைசி எண். மொத ரெண்டும் சேந்து பிரைமரி கீ. சேவ் பண்ணும்போது டிரான்சாக்‌ஷன் ஆரம்பிச்சு, அந்த ஒரு வரியை 'ஃபார் அப்டேட்' போட்டு (மத்தவங்க தொடாம பூட்டி) எடுங்க. 1 கூட்டி எழுதுங்க, பில் தலைப்பு, பில் வரிகள் எல்லாம் இன்செர்ட் பண்ணிட்டு கமிட். நடுவுல எது தோத்தாலும் ரோல்பேக், எண்ணும் சேந்து பின்னாடி போயிரும், ஓட்டை விழாது. டேபிள் வகை இன்னோடிபியா இருக்கணும். பழைய மைஐசாம்னா டிரான்சாக்‌ஷனே கிடையாது, ரோல்பேக் சொன்னாலும் இன்செர்ட் ஆனது ஆனதுதான்.

டிரான்சாக்‌ஷன் நடுவுல இ-இன்வாய்ஸ் போர்ட்டலையோ எஸ்எம்எஸ்ஸையோ கூப்பிடாதீங்க. அக்கட்டால பதில் வர்ற வரைக்கும் பூட்டு இருக்கும், மத்த ஆளுங்க சேவ் காத்துக்கிட்டு நிக்கும். 50 செகண்ட் தாண்டினா 1205 எர்ரர். கமிட் ஆனதுக்கப்புறம் கூப்பிடுங்க.

பில் டேபிள்ல நிதியாண்டு, வரிசை, எண் மூணுக்கும் சேத்து யுனிக் இண்டெக்ஸ் போடுங்க. இப்ப இருக்கற ஏகப்பட்ட 10-ஐத் தீக்காம போட்டா 1062 சொல்லி மறுத்துரும். சேவ் ரெண்டு தடவை அமுக்கறதுக்குத் தனி மருந்து: படிவம் திறக்கும்போதே ஒரு ரேண்டம் டோக்கன் குடுத்து, அதுக்கும் ஒரு யுனிக் இண்டெக்ஸ். அதே டோக்கன் மறுபடி வந்தா புது பில் போடாம பழைய பில்லையே காட்டுங்க. பட்டனை டிசேபிள் பண்றது மட்டும் போதாது, நெட் அறுந்தா சில நேரம் பிரவுசரே திரும்ப அனுப்பும்.

பார்ட்டி கைக்குப் போயிட்ட 10-ஆம் நம்பர் பில்களை நீங்களா டேட்டாபேஸ்ல மாத்திராதீங்க. பார்ட்டி அந்த நம்பரை வெச்சுத்தான் கணக்குல ஏத்தியிருப்பாங்க. எதை ரத்து பண்ணி எதை மாத்திக் குடுக்கறதுன்னு ஆடிட்டர் சொல்லட்டும். ரத்தானதை அழிக்காம வைங்க, ஜிஎஸ்டிஆர்-1ல (விற்பனை ரிட்டர்ன்) டேபிள் 13 கேக்கறதே மொத்தம் எத்தனை, ரத்து எத்தனைன்னுதான்.

நொய்யல்கரை:

வார்சார்தானுங்க, 'மேக்ஸ்'தானுங்க. 30-ல வெட்டற வரியும் பிரிண்ட் ஃபைல்ல கிடைச்சிருச்சு, எர்ரர் 5 வருது. டிசி தேதி பிஎச்பி 'டேட்' ஃபங்ஷன்ல இருந்து, ரிப்போர்ட் காலண்டர் ஜாவாஸ்கிரிப்ட்ல 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' பண்ணி மொத 10 எழுத்தை எடுக்குது. 83-க்கு இன்னும் வழி தெரியல.

கொடுமுடி_கூடுதுறை:

தேதில இருக்கறது ரெண்டு தனித்தனிப் பிழை, அறிகுறி ஒண்ணா இருக்கறதால குழப்புது.

சர்வர் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல ஓடுது. நம்ம நேரம் அதைவிட 5 மணி 30 நிமிசம் முன்னாடி. அதனால ராத்திரி 12-ல இருந்து காலை 5:30 வரைக்கும் சர்வருக்கு முந்தின நாள். பிஎச்பி ஐஎன்ஐ-ல (செட்டிங் ஃபைல்) டைம்ஜோன் 'ஏசியா/கொல்கத்தா' போடுங்க. மைஎஸ்க்யூஎல்லுக்கு அது தெரியாது, கனெக்ட் ஆனதும் 'செட் டைம்_ஜோன்' குடுத்து '+05:30' சொல்லணும். ஊர்ப் பேர் குடுத்து எர்ரர் வந்தா டைம்ஜோன் டேபிள் லோடு ஆகலைன்னு அர்த்தம், எண்ணாவே குடுங்க. நமக்கு நேர மாத்தம் கிடையாது, அதனால தப்பில்லை.

காலண்டர் வேற கதை. ஏப்ரல் 1-ஐத் தொட்டா அது நம்மூரு நடுராத்திரி 12 மணியா உருவாகுது. 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' அதை யூடிசிக்கு மாத்தி மார்ச் 31, 18:30-ன்னு குடுக்குது. மொத 10 எழுத்தை வெட்டினா மார்ச் 31. அதனாலதான் பகல்லயும் தப்பு. வருசம், மாசம், நாளைத் தனித்தனியா எடுத்து ஒட்டுங்க (மாசம் 0-ல இருந்து எண்ணும், 1 கூட்டணும்), இல்லைன்னா இன்புட் டைப் 'டேட்' தர்ற எழுத்தை அப்படியே அனுப்புங்க.

நேரத்தைச் சரி பண்ணினதும் உற்பத்தி ரிப்போர்ட் மாறிப் போச்சுன்னு சூப்பர்வைசர் சண்டைக்கு வருவார், பாருங்க. ராத்திரி 8-ல இருந்து காலை 8 வரைக்கும் ஒரே ஷிப்ட்னா 2 மணிக்கு இறங்கின ரோல் அவருக்கு முந்தின நாள் கணக்கு. இத்தனை நாள் தப்பான நேரமே அவருக்குப் பாதி வேலை பாத்திருக்கும். ஷிப்ட் தேதிக்குத் தனி ஃபீல்டு வைங்க, டிசி தேதி நெசத் தேதியாவே இருக்கட்டும்.

83-க்கு: பிஎச்பி-ல 'மேக்ஸ்_இன்புட்_வார்ஸ்' (ஒரு படிவத்துல ஏத்துக்கற ஃபீல்டு வரம்பு) கேட்காமயே 1000-ல இருக்கும். 83 ரோல் × 12 = 996. மேல பார்ட்டி, தேதி, வண்டி நம்பர்னு நாலு ஃபீல்டு இருந்தா கூட்டி சரியா 1000. அதுக்கு மேல வர்றதை பிஎச்பி தூக்கி எறிஞ்சுட்டு எர்ரர் லாக்ல ஒரு வார்னிங்கோட விட்டுரும். 'இன்புட் வேரியபிள்ஸ் எக்சீடட் 1000'னு தேடுங்க. கோடுக்குள்ள 'ஐஎன்ஐ_செட்' பண்ணினா பலிக்காது, கோடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே படிச்சு முடிஞ்சிருக்கும். பிஎச்பி ஐஎன்ஐ-ல 5000 வெச்சு எஃப்பிஎம்மை (பிஎச்பியை ஓட்டற சர்வீஸ்) ரீலோடு பண்ணுங்க. '.யூசர்.ஐஎன்ஐ'ல போட்டா 300 செகண்ட் வரைக்கும் பழசே தெரியும், அவசரப்பட்டு மாத்தி மாத்திப் போடாதீங்க.

இதை விட நல்லது, ரோல் பட்டியலை ஒரே ஜேசனா கோரிக்கையோட உடம்புல அனுப்பறது. அதுக்கு இந்த வரம்பு கிடையாது, என்ஜின்எக்ஸ் வெப் சர்வரோட 1 எம்பி வரம்புதான், 200 ரோல்னாலும் அது கிட்டக்கூடப் போகாது. எது பண்ணினாலும் மொத்த ரோல் எண்ணிக்கை, மொத்த எடை ரெண்டையும் படிவத்தோட தலைப்பிலேயே அனுப்புங்க, கடைசில வெச்சா அதுவும் வெட்டுப்படும். வந்த வரிகளை சர்வர்ல எண்ணிப் பொருந்தலைன்னா ரோல்பேக்.

ஊத்துக்குளி_வெண்ணெய்:

ஆட்டோ இன்க்ரிமென்ட் ஓட்டை சரிதான், ஒத்துக்கறேன். கோடைத் திறந்திருக்கும்போதே வரிக் கணக்கையும் பாத்துருங்க. 1,010.60-க்கு 5 சதவீதம் 50.53. அதை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு பாதியாக்கினா 25.265, தனித்தனியா ரவுண்ட் பண்ணினா 25.27 + 25.27 = 50.54. மொத்தத்துல 50.53 இருந்து வரில 50.54 இருந்தா பார்ட்டி லெட்ஜர் 1 பைசால உதைக்கும். 2.5 சதவீதத்தை மொதல்ல கணக்குப் போட்டு, ரவுண்ட் பண்ணி, அதையே ரெட்டிப்பாக்குங்க. தொகை ஃபீல்டு ஃப்ளோட்டா இருந்தா டெசிமல் 12,2.

நொய்யல்கரை:

லாக்ல அந்த 1000 வார்னிங் வரிசையா இருக்குதுங்க. கவுன்ட்டர் டேபிள் போட்டாச்சு. பழைய டிசி தேதியை எப்படித் திருத்தறது?

கொடுமுடி_கூடுதுறை:

மொதல்ல பேக்கப். அப்புறம் உருவான நேரத்தோட ஃபீல்டு எந்த வகைன்னு பாருங்க. டைம்ஸ்டாம்ப்னா உள்ளுக்குள்ள யூடிசிதான், செஷன் '+05:30' ஆனதும் சரியாவே காட்டும், கை வைக்காதீங்க. டேட்டைம்னா சர்வரை மாத்தின நிமிசத்துக்கு முந்தின வரிகளுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை, 5:30 கூட்டணும். ரெண்டாவது தடவை ஓட்டினா பதினோரு மணி நேரம் தள்ளிப் போயிரும். திருத்தின நேரத்துல இருந்து டிசி தேதியை எடுங்க, ஆனா கையால தேதி மாத்தின டிசிகளை விட்டுருங்க. அப்டேட்டுக்கு முன்னாடி அதே நிபந்தனைல செலக்ட் போட்டு எத்தனை வரி மாறும்னு பாருங்க. ஏப்ரல் 1 விடியக்காலம் 5:30-க்குள்ள போட்ட டிசி மார்ச் 31-ன்னு போன வருச வரிசைல நம்பர் வாங்கியிருக்கும். அதைத் தனியா எடுத்து, துணி கூடப் போன தாளோட ஒத்துப் பாத்துட்டு ஆடிட்டர்கிட்டக் குடுத்துருங்க.