பூனைக்கு வருசா வருசம் ஊசி போடணுமா, மூணு வருசத்துக்கு ஒண்ணு போதுமா?

செம்பனை வீடு:
மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீடு, மூணு பூனை. தாய்க்கு 5 வயசு, கருத்தடை பண்ணியாச்சு. ராத்திரி செம்பனைத் தோட்டத்துக்குள்ள போயிட்டு விடியக்காலைலதான் வீடு வரும். அது போட்ட கடுவனுக்கு 2 வயசு, வாசப்படி தாண்டாது. மூணாவது ஒரு குட்டி, மில் ரோட்டோரம் கிடைச்சது. தராசுல 900 கிராம் காட்டுது, வயசு தெரியல.

பெரிசு ரெண்டுக்கும் கார்டுல 4 இன் 1 ஊசி ஸ்டிக்கர் இருக்கு. கடைசி ஊசி போட்டு 14 மாசம் ஆச்சு. கிளினிக்ல வருசம் ஒரு தடவைங்கிறாங்க. நெட்டுல மூணு வருசம்னு இருக்கு. பக்கத்து வீட்டுல சின்னதுல போட்டா ஆயுசுக்கும் போதும்ங்கிறாங்க. எது சரி? 14 மாசம் ஆயிட்டதால முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா? தீபாவளிக்கு பெரிசு ரெண்டையும் ஈப்போவுல கேட் ஹோட்டல்ல விடணும்.

கார்டும் ஸ்டிக்கரும்:
மூணு பேர் சொன்னதுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு. அந்த ஒரு ஊசிக்குள்ள நாலு மருந்து. நாலுக்கும் காலக்கெடு ஒண்ணு இல்ல.

முதலாவது பேன்லூக்கோபீனியா, நம்ம ஊர்ல பார்வோன்னு சொல்றது, காய்ச்சலும் வாந்தியுமா வந்து குட்டிங்களைக் கொல்ற வைரஸ் நோய். உயிருள்ள, ஆனா வீரியம் குறைச்ச கிருமியில செஞ்ச மருந்தை குட்டியில முறையா போட்டிருந்தா பல வருசம் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்கு வேர் இதுதான். உலக சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தோட வழிகாட்டிலயும், பெரிய பூனைக்கு இதை மூணு வருசத்துக்கு ஒரு தடவைக்கு மேல போடத் தேவையில்லைன்னுதான் இருக்கு.

ரெண்டாவது, மூணாவது: ஹெர்பிஸ், கலிசி. பூனைக்கு சளி, தும்மல், கண்ணுல பீளை, நாக்குல புண் எல்லாம் வர்றது பெரும்பாலும் இந்த ரெண்டாலதான். இந்த மருந்து தொத்தைத் தடுக்காது, வந்தா கடுமையைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்தக் காப்பும் சீக்கிரம் தேயும். கலிசியில வகை ஏகப்பட்டது, ஒரு மருந்து எல்லாத்தையும் பிடிக்காது. ஹெர்பிஸ் ஒரு தடவை உள்ள போனா நரம்புல ஒளிஞ்சிருந்து, இடம் மாறினாலோ பயந்தாலோ திரும்ப வரும். நோபிவாக் ட்ரைகேட் ட்ரையோ மாதிரி மருந்தோட விவரத்தாள்லயே பார்வோவுக்கு 3 வருசம், இந்த ரெண்டுக்கும் 1 வருசம்னு பிரிச்சுதான் போட்டிருக்கு.

நாலாவது கிளமிடியா, கண் நோய். ஒரு வருசத்துக்கு மேல நிக்காது, எல்லாப் பூனைக்கும் அவசியமும் இல்ல. வீட்டுல அடிக்கடி கண் வீங்கி வந்தாத்தான் 4 இன் 1. இல்லாட்டி அடுத்த தடவை 3 இன் 1 கேளுங்க.

உங்க வீட்டு விசயத்துக்கு வருவோம். நெட்டுல சொல்ற மூணு வருசம், தனியா வளர்ற, வெளியே போகாத, ஹோட்டல் வாசலை மிதிக்காத பூனைக்கு. உங்க கடுவன் வாசப்படி தாண்டாட்டியும், அதோட ஆத்தா ராத்திரி தெருப்பூனைங்களோட சுத்திட்டு வந்து அதே தட்டுல வாய் வைக்குது. அதனால ரெண்டுமே ஆபத்து அதிகமான கூட்டம்தான். ஹோட்டல் வேற. சளி ரெண்டுக்காக வருசம் ஒரு தடவை போடுறதுதான் சரி. கூடவே பார்வோ மருந்தும் போகும், அதுல நட்டமில்ல.

14 மாசத்துக்காக முதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம். முன்னாடி முறையா போட்ட பூனைக்கு ஒரே ஊசி போதும். ஊசியே பார்க்காத பெரிய பூனைக்குத்தான் 2 முதல் 4 வார இடைவெளியில ரெண்டு. ஹோட்டலுக்கு விடுறதுக்குக் குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி போட்டுடுங்க. முதல் நாள் போட்டா கார்டுல தேதி விழும், உடம்புல காப்பு ஏறாது.

செம்பனை வீடு:
நன்றி அக்கா, தெளிவாச்சு. இன்னொண்ணு. ஈப்போ போய் வர்ற காசுக்கு ஆன்லைன்ல மருந்து வாங்கி நாமளே போட்டா என்ன? தோல் இழுத்துப் பிடிச்சுக் குத்துறதுதானே?

ஐஸ்பெட்டி:
குத்துறது சுலபம்தான் தம்பி. உள்ள போறது மருந்தா வெறும் தண்ணியாங்கிறதுதான் கேள்வி.

3 இன் 1 பெரும்பாலும் ரெண்டு குப்பியா வரும். ஒண்ணுல அடியில ஒட்டின சின்ன வெள்ளை வில்லை, இன்னொண்ணுல கலக்குற திரவம். அந்த வில்லைக்குள்ள இருக்கிறது உயிருள்ள கிருமி. 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். தபால் வேன்ல ஒரு மத்தியானம் வெயில்ல கிடந்தா செத்துப்போகலாம். செத்த வில்லையும் உயிருள்ள வில்லையும் பார்க்க ஒரே மாதிரி. நிறம் மாறாது, நாத்தம் வராது, கலக்கினா அதே மாதிரி கரையும். ஐஸ் கட்டி கூட வந்துச்சுன்னா நம்பிடாதீங்க, வழியில எத்தனை மணி நேரம் உருகிக் கிடந்துச்சுன்னு பொட்டலம் சொல்லாது.

வீட்டு ஃப்ரிட்ஜிலயும் கதவுல வைக்கக்கூடாது, திறக்கிறப்பெல்லாம் சூடு ஏறும். செத்த கிருமியில செஞ்ச மருந்தை ஃப்ரீசர்ல வச்சாலும் கெட்டுடும், உறைஞ்சா உள்ள இருக்கிற துணைப்பொருள் பிரிஞ்சுடும். கலக்கினதும் உடனே போடணும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கிறது வீண். பூனை சின்னதா இருக்கேன்னு பாதி பாதியா ரெண்டுக்கும் பிரிக்கவே கூடாது. இது எடைக்கு ஏத்த மாதிரி அளக்குற மருந்து இல்ல, குட்டிக்கும் கிழட்டுக் கடுவனுக்கும் ஒரே முழு அளவு.

அதோட, ஊசி ஒத்துக்காம சில நிமிசத்துல முகம் வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு திணறுறது அபூர்வமா நடக்கும். வீட்டுல நடந்தா அதுக்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து கையில இருக்காது. கிளினிக்ல போட்டாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துட்டுக் கிளம்புங்க. ஒரு நாள் ரெண்டு நாள் சோர்ந்து படுக்கிறது, கொஞ்சம் சாப்பாடு குறையுறது சாதாரணம்.

செலவைக் குறைக்கணும்னா வேற வழி இருக்கு. ரெண்டு பெரிசையும் ஒரே நாள்ல கொண்டுபோங்க. மாவட்டக் கால்நடை அலுவலகத்துல பூனைக்கு ஊசி போடுறாங்களான்னு முதல்ல போன் போட்டுக் கேளுங்க.

கட்டி பார்க்கிறவர்:
ஒரு விசயம் யாரும் சொல்லலை. பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவது உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் மோசம். வேர்விட்டுப் பரவும், ஒரு தடவை வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். அதனால் பிடரியில் போட வேண்டாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். காலில், முட்டிக்குக் கீழே போட்டால், கட்டி வந்தாலும் காலோடு எடுத்துப் பூனையைக் காப்பாற்ற வழியுண்டு. பிடரியில் வந்தால் எதை வெட்டுவது? எந்தக் காலில் போட்டார்கள் என்பதைக் கார்டில் ஸ்டிக்கர் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஊசி போட்ட வாரத்தில் சின்னதாய் உருண்டை தட்டுப்பட்டால் பயப்பட வேண்டியதில்லை. கணக்கு 3-2-1: 3 மாதம் ஆகியும் கரையவில்லை, 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஊசி போட்டு 1 மாதம் கழித்தும் வளர்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் சதைத்துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தாய்ப்பூனைக்கு இரத்தப் புற்று வைரஸ் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். வெளியே சுற்றும் பூனைக்கு அது பொருந்தும். ஆனால் முதலில் இரத்தம் எடுத்து, ஏற்கெனவே அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஊசியால் பயனில்லை. இல்லையென்றால் 3 அல்லது 4 வார இடைவெளியில் இரண்டு.

ஊசியே இல்லாத ஒன்றும் இருக்கிறது, செம்பனைக்குள் திரியும் பூனை என்பதால் சொல்கிறேன். மூக்கின் மேல் அல்லது காலில் ஆறாத புண் வந்து ஈரமாகவே இருந்தால் அது ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம். மலேசியப் பூனைகளிடம் இது உண்டு. கீறினால் மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் அந்தப் புண்ணைத் தொடாதீர்கள்.

செம்பனை வீடு:
கால்ல போடச் சொல்றதை நான் கேள்விப்பட்டதே இல்ல. குட்டியைப் பத்தி யாராவது சொல்லுங்க. இப்ப பின்கட்டுல கூடைக்குள்ள இருக்கு.

கார்டும் ஸ்டிக்கரும்:
கையில காசு குறைவுன்னா, பெரிசு ரெண்டையும் ஒரு மாசம் தள்ளிப் போட்டாலும் பரவாயில்ல, குட்டியைத் தள்ளாதீங்க. பார்வோ கொல்றது குட்டிங்களைத்தான்.

900 கிராம்னா 9 வாரம் போல இருக்கும். தெருக்குட்டி இளைச்சிருக்கும், அதனால வயசு அதிகமாவும் இருக்கலாம். வாயைத் திறந்து பாருங்க. முன்பல் பொடிப்பொடியா ஊசி மாதிரி இருந்தா பால்பல். அது விழுந்து கொஞ்சம் அகலமான பல் எட்டிப் பார்த்தா 4 மாசம் தொட்டுடுச்சு.

குட்டிக்கு முதல் ஊசியை விட கடைசி ஊசிதான் முக்கியம். சீம்பால்ல ஆத்தா கொடுத்த காப்பு உடம்புல இருக்கிற வரைக்கும், நாம போடுற மருந்தை அதுவே அடிச்சுத் தின்னுடும். அந்தக் காப்பு எந்த வாரத்துல தீருதுன்னு குட்டிக்குக் குட்டி வித்தியாசம். சிலதுக்கு 8 வாரத்துல தீரும், சிலதுக்கு 16 தாண்டும். அதனாலதான் 3 வாரத்துக்கு ஒரு தடவைன்னு போட்டுக்கிட்டே போய், கடைசி ஊசி 16 வாரத்துலயோ அதுக்கு மேலயோ விழணும். ரெண்டு ஊசி போட்டு 12 வாரத்தோட நிறுத்திட்டு, அப்புறம் பார்வோ வந்துட்டா "ஊசி போட்டும் செத்துப்போச்சு"ங்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்க குட்டிக்கு இப்ப ஒண்ணு, 3 வாரம் கழிச்சு ஒண்ணு, மறுபடி 3 வாரம் கழிச்சு ஒண்ணு. அப்பவும் 15 வாரம்தான் ஆகியிருக்கும், அதனால இன்னும் 3 வாரம் கழிச்சு ஒண்ணு. வயசு சந்தேகமா இருந்தா இன்னொண்ணு சேர்த்துக்கங்க, கெடுதல் இல்ல. அப்புறம் 6 மாச வயசுல ஒண்ணு. அதுக்குப் பிறகுதான் வருசமா மூணு வருசமாங்கிற பேச்சு.

இப்பவே குட்டியை மத்ததுங்களோட விடாதீங்க. 14 நாள் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தட்டு. குட்டிக்கிட்ட போற வேலையைக் கடைசியா வச்சுக்கங்க. காய்ச்சல், வாந்தி, தண்ணிக் கிண்ணத்து மேல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு குடிக்காமலே உட்கார்ந்திருக்கிறது, இதுல எதைப் பார்த்தாலும் அன்னிக்கே கிளினிக். காலையில ஆரம்பிச்சு மறுநாள் ராத்திரிக்குள்ள குட்டி உயிரே போயிடலாம்.

பார்வோ கிருமி சிமெண்டுத் தரையில மாசக்கணக்குல, ஒரு வருசம் வரைக்கும் கூட உயிரோட இருக்கும். டெட்டால் போட்டுத் துடைச்சா சாகாது. முதல்ல சோப்புத் தண்ணியில அழுக்கைத் தேய்ச்சு எடுத்துட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்து ஊத்தி 10 நிமிசம் ஈரமாவே விடணும். அழுக்கு மேலயே குளோராக்ஸ் ஊத்தினா அழுக்கே அதைத் தின்னுடும். மூச்சு முட்டும், ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுப் பண்ணுங்க, காய்ஞ்சு வாடை போன பிறகு பூனையை விடுங்க.

கிளினிக்ல கூடையைத் தரையில வைக்காதீங்க. அங்க முன்னாடி நோயாளிப் பூனை படுத்திருக்கும். மடியில வச்சு மேல துண்டு போட்டு மூடுங்க, கூட்டமா இருந்தா நம்பர் எடுத்துட்டு வெளியே நில்லுங்க. மோட்டார் சைக்கிள்ல போறதா இருந்தா வெயில் ஏறுறதுக்குள்ள, காலைல 10 மணிக்கு முன்னாடி போங்க. காய்ச்சலா இருந்தா அன்னிக்கு ஊசி போட மாட்டாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி குட்டி ஒழுங்கா சாப்பிட்டுச்சா, தும்முதான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க.

ஐஸ்பெட்டி:
கார்டுல தேதி மட்டும் இருந்தா கேட் ஹோட்டல்ல திருப்பி அனுப்பிடலாம். குப்பியில இருக்கிற ஸ்டிக்கரை உங்க கண் முன்னாடியே உரிச்சு ஒட்டச் சொல்லுங்க. அதுலதான் மருந்துப் பேர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும்.