பிரான்சிஸ் பார்மரின் மூளையை அறுத்தார்களா? அந்தப் புகைப்படத்தில் இருப்பது யார்?

வெள்ளவத்தை வாசகன்:
"மூளையை அறுத்துக் கொன்ற ஹொலிவூட் அழகி" என்று ஒரு யூடியூப் காணொளி நேற்று முழுக்க வட்ஸ்அப்பில் சுற்றியது. அதில் சொல்லும் ஹொலிவூட் நடிகை பிரான்சிஸ் பார்மரை யாரும் கொல்லவில்லை, மூளையையும் அறுக்கவில்லை. 1913இல் சியாட்டிலில் பிறந்தவர், 1970இல் இண்டியானாபொலிஸில் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தவர். மனநோய்க்கென்று அன்று செய்த லொபொடமி என்ற மூளை அறுவை அவருக்கு நடந்தது என்ற கதையைப் பரப்பியது 1978இல் வில்லியம் ஆர்னல்ட் எழுதிய புத்தகம். 1982இல் அவர் வாழ்க்கையை வைத்து 'பிரான்சிஸ்' படம் வந்ததும் தன் புத்தகத்திலிருந்து கதையை எடுத்துவிட்டார்கள் என்று ஆர்னல்ட் வழக்குப் போட்டார். நடந்த வரலாறு என்றால் யாரும் எடுத்தாளலாம், அதற்கு உரிமை கோர முடியாது. அதனால் புத்தகத்தின் சில பகுதிகள் தன் கற்பனை என்று அவரே நீதிமன்றத்தில் சொன்னார். இதற்குப் பிறகும் உண்மைக்கதை என்று பரப்புகிறார்களே, எரிச்சல் வராதா?

கொட்டாஞ்சேனை குமார்:
அண்ணா, அப்படியானால் அந்தப் புகைப்படம்? கண்குழி வழியாகக் கம்பி செலுத்தி அந்த மூளை அறுவையைச் செய்த டொக்டர் வால்டர் ஃப்ரீமன் கையில் சுத்தியல், படுத்திருக்கும் பெண்ணின் கண்ணுக்கு மேலே கம்பி, சுற்றிவர ஆட்கள். பிரான்சிஸை அடைத்துவைத்த அதே வெஸ்டர்ன் ஸ்டேட் மனநல மருத்துவமனையில் எடுத்தது. அதையும் கற்பனை என்பீர்களா?

வெள்ளவத்தை வாசகன்:
புகைப்படம் உண்மை, 1949இல் எடுத்தது. படுத்திருப்பவர் வேறொரு நோயாளி. ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தால் எல்லாப் பெண்ணும் பிரான்சிஸா? அந்த வார்டில் வேலை செய்த தாதிமாரே அவருக்கு அது நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை குமார்:
தாதிமார் சொல்வார்கள்தானே. ஆஸ்பத்திரிச் சம்பளம் வாங்கியவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? புகைப்படம் பொய் சொல்லாது.

பம்பலப்பிட்டி ரசிகன்:
எது எப்படியோ, ஜெசிக்கா லாங் அந்தப் 'பிரான்சிஸ்' படத்தில் பார்மராகவே வாழ்ந்திருப்பார். அதே வருடம் வேறொரு படத்தில் துணை நடிகைக்கான ஒஸ்கார் கொடுத்தார்கள், இதற்குக் கொடுக்கவில்லை. அநியாயம்.

வெள்ளவத்தை வாசகன்:
நடிப்பை யார் குறை சொன்னது? அந்தப் படத்தில் அவரைக் காலமெல்லாம் காதலிக்கும் ஹரி யோர்க் என்று ஒருவன் வருவானே, அப்படி ஒரு ஆளே கிடையாது. காதலனையே புதிதாக உண்டாக்கியவர்களுக்கு ஒரு ஆபரேஷனை உண்டாக்குவது பெரிய வேலையா? அதோடு 1958 முதல் 1964 வரை இண்டியானாபொலிஸ் தொலைக்காட்சியில் பிற்பகல் படங்களைத் தொகுத்து வழங்கியவர் அவர். மூளையை அறுத்த பெண் ஆறு வருடம் கமரா முன்னால் உட்கார்ந்து அப்படிக் கதைப்பாரா?

கொட்டாஞ்சேனை குமார்:
ஏன் கதைக்க முடியாது? ஹவர்ட் டலி என்பவருக்கு 12 வயதில் இதே ஃப்ரீமன் அந்த அறுவையைச் செய்தார். அவர் பிறகு பஸ் ஓட்டினார், புத்தகமும் எழுதினார். எல்லாரும் மரக்கட்டை ஆகிவிடுவதில்லை. நாலு ஆங்கிலப் புத்தகம் வாசித்துவிட்டால் வெள்ளவத்தைக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடும். உங்களோடு கதைத்தால் என்னை அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டி வரும்.

தெஹிவளை அக்கா:
குமார், அந்த அங்கொடைப் பகிடியை நிறுத்துங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போய் மருந்து எடுத்துச் சுகமாகி வந்தவர். பார்மரைப் பற்றிக் கதைத்துக்கொண்டே அதே வாயால் இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? அறுத்தார்களோ இல்லையோ, 1943இல் மனநோய்ச் சிகிச்சை என்று இன்சுலின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு 1945 முதல் 1950 வரை பூட்டி வைத்தார்கள். முதலில் பொலிஸ் பிடித்தது எதற்கு? யுத்தகால இருட்டடிப்பில் காரின் முன்விளக்கைக் குறைக்காமல் ஓட்டியதற்கு. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கக் காணோம்.

கொட்டாஞ்சேனை குமார்:
அக்கா, உங்களைச் சொல்லவில்லை. சும்மா பேச்சுவழக்கில் வந்தது, அதற்குப் போய் இப்படியா? நான் கேட்டது புகைப்படத்தைப் பற்றி.

தெஹிவளை அக்கா:
பேச்சுவழக்கு என்றால் காயப்படுத்தாதா?

வெள்ளவத்தை வாசகன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் அந்தக் கொடுமைகள் உண்மை என்பதால்தானே மேலே இன்னொரு பொய்யை ஏற்றக்கூடாது என்கிறேன். அவர் பெயரில் 1972இல் வந்த சுயசரிதையை எடுத்துப் பாருங்கள். இறந்த பிறகு அவருடைய தோழி முடித்து வெளியிட்டது, ஆஸ்பத்திரிக் கொடுமைகளைக் கூட்டித்தான் எழுதியிருக்கிறது. அதில்கூட மூளை அறுவை என்று ஒரு வரி கிடையாது! அவருடைய சகோதரி எடித்தும் எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரி அந்த அறுவைக்கு அனுமதி கேட்டதாம், தகப்பன் வழக்குப் போடுவேன் என்று மிரட்டி நிறுத்தினாராம்.

கொட்டாஞ்சேனை குமார்:
ஆ! கேட்டார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேட்டவர்கள் சும்மா விட்டிருப்பார்களா?

வெள்ளவத்தை வாசகன்:
தகப்பன் நிறுத்தினார் என்று அடுத்த வரியில் இருக்கிறது. பாதி வரியோடு ஏன் நிற்கிறீர்கள்? சாவித்திரி விசயத்திலும் இதைத்தான் செய்தீர்கள். தெருவில் அநாதையாகச் செத்தார் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். 19 மாதம் கோமாவில் கிடந்து 1981 டிசம்பரில் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று நான் காட்டியதும் ஆளைக் காணோம்.

கொட்டாஞ்சேனை குமார்:
பழசைக் கிளறாதீர்கள். அன்று எனக்கு வேலை இருந்தது. சாவித்திரியைக் கைவிட்டார்கள் என்பதில் இன்றைக்கும் நான் மாறவில்லை.

பம்பலப்பிட்டி ரசிகன்:
சாவித்திரி என்றதும் ஞாபகம் வருகிறது, 'பிராப்தம்' அவரே இயக்கிய படம். அதில்தான் சொத்தெல்லாம் போனது என்கிறார்களே?

வெள்ளவத்தை வாசகன்:
அதைத் தனியாகக் கதைப்போம், ஒரு படத்தால் எல்லாம் போனது என்பதும் இதே மாதிரிக் கதைதான். முதலில் இதற்குப் பதில் வரட்டும். குமார், அந்தப் புகைப்படத்தில் இருப்பது பிரான்சிஸ் என்று உங்களுக்குச் சொன்னது யார்? காணொளிக்காரனா, அந்த ஆஸ்பத்திரிப் பதிவேடா?

கொட்டாஞ்சேனை குமார்:
முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வெள்ளவத்தை வாசகன்:
கண்ணுக்கு மேலே கம்பியும் டொக்டரின் கையும் இருக்கிற படத்தில் எந்த முகத்தைப் பார்த்தீர்கள்?

கொட்டாஞ்சேனை குமார்:
நான் பார்த்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி அனுமதி கேட்டது, அதே ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நீங்கள் நம்பாவிட்டால் போங்கள்.