மறு: கலைச்சொல் – பொறை முரணா, சகிப்பு முரண்பாடா?

ஐயா, வணக்கம். ‘Paradox of tolerance’, அதாவது எல்லையில்லாமல் சகித்தால் சகிப்பே அழிந்துவிடும் என்ற கருத்துக்கான தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதியது:

> ‘பொறை முரண்’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, குறள் வழக்கும் உண்டு.

குறள் வழக்கு உண்டு என்பதால்தான் தயங்குகிறேன். பொறையுடைமை அதிகாரம் ‘தம்மை இகழ்வார்ப் பொறுத்தல்’ பற்றிப் பேசுகிறது. எனக்கு நேர்ந்த தீங்கை நான் பொறுக்கலாம், அது என் பெருந்தன்மை. அடுத்தவர் வாங்கிய அடியை அவருக்காக நான் பொறுத்துக்கொள்ள முடியுமா? அரசும் சமூகமும் நிற்பது இந்த இரண்டாவது இடத்தில். அதனால் ‘சகிப்பு’ இருக்கட்டும். வடமொழி வேர் என்று அதையும் விரட்டினால், சகிப்பைச் சகிக்காத குழு என்று நமக்குப் பெயர் வந்துவிடும்!

அடுத்தது ‘முரண்பாடு’. மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1945இல் வெளியான ‘திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்’ நூலில், ஒரு பின்குறிப்பில்தான் இந்தக் கருத்தை எழுதினார். மேற்கோள் காட்டுவோர் பலரும் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். வாதத்தால் எதிர்கொள்ள முடிகிறவரை, மக்கள் கருத்து கட்டுக்குள் வைத்திருக்கிறவரை, சகியாதவர்களின் பேச்சைத் தடைசெய்வது அறிவுடைமை ஆகாது என்கிறார். வாதத்துக்கே வராமல் கைமுட்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தால்? அப்போதைக்காகத்தான் அடக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்கிறார். ‘முரண்பாடு’ என்றால் கொள்கையே உடைந்துவிட்டது என்று படிப்பவர் நினைப்பார். ‘முரண்புதிர்’ என்றால், முரண்போலத் தெரிவதை அவிழ்க்க வழியுண்டு என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

உண்மையான சிக்கல் ‘சகிப்பின்மை’யில். முகம் சுளிப்பவரும் கூட்டத்தைக் கலைக்க ஆளனுப்புபவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1952இல் நாஜி வழிவந்த ஒரு கட்சியையும் 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியையும் தடைசெய்தது. அதே நீதிமன்றம் 2017இல் தீவிர வலதுசாரியான தேசிய ஜனநாயகக் கட்சியின் நோக்கம் அரசமைப்புக்கு எதிரானதுதான் என்று சொல்லிவிட்டு, அதைச் சாதிக்கும் வலு தெரியவில்லை என்று தடையை மறுத்தது. நோக்கம் வேறு, வலு வேறு. எனக்கு அந்தத் தீர்ப்பில் பாதி நிறைவுதான். வலு வந்தபின் தடைபோட நீதிமன்றம் அதே உரிமையோடு இருக்குமா? ஆனாலும் வெறும் மனப்போக்கையே குற்றமாக்கினால், நாளை ஆட்சியிலிருப்பவர் பிடிக்காதவர்களையெல்லாம் ‘சகியாதவர்’ என்று அடைத்துவிடலாம்.

ஆகவே மனப்போக்குக்குச் ‘சகிப்பின்மை’, மற்றவர் வாயை வலுவால் அடைக்கும் செயலுக்குச் ‘சகிப்பொழிப்பு’. இரண்டாவது நாவில் கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். எளிதாக வேறேதும் தோன்றினால் எழுதுங்கள். ‘முரண்புதிர்’ மட்டும் விட்டுத்தர மாட்டேன்.