குடும்ப விடுப்பா, விடுப்பீடா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் வருமான வரிப் படிவம் நிரப்பும் தமிழர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். குடும்பக் காரணத்துக்காக விடுப்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் பணமான 'பெய்ட் ஃபேமிலி லீவ்' வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. "ஊதியத்துடன் கூடிய குடும்ப விடுப்பு" என்று முதலில் எழுதியிருந்தேன். குழந்தை பிறந்தபோது எட்டு வாரம் வீட்டில் இருந்த நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஊதியம் என்றால் முதலாளி தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்திலேயே வந்திருக்குமே, தனியாக ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்டார்.

தவறு அவருடையது அன்று, என் சொல்லுடையது. முதலாளி தருவதுதான் ஊதியம். 2004 ஜூலை முதல் வழங்கப்படும் இந்தப் பணமோ, தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த காப்பீட்டு நிதியிலிருந்து மாநிலத்தின் வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை தருவது. அதற்கு வருவது, அரசு தந்த பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவம். 2025 ஜனவரியில் அமெரிக்க நடுவண் வரித்துறை வெளியிட்ட 2025-4 என்ற எண்ணுள்ள விளக்க ஆணையும், மாநிலங்கள் தரும் இத்தகைய தொகை வருமானம்தான், ஆனால் ஊதியம் ஆகாது என்கிறது.

'வரிவிலக்குத் தொகை' என்றும் சொல்ல முடியாது. நடுவண் அரசு இதற்கு வரி வாங்குகிறது, கலிபோர்னியா வாங்குவதில்லை. நியூ ஜெர்சியும் வாங்குவதில்லை, நியூயார்க் வாங்குகிறது. ஒரே பணம் ஓரிடத்தில் வரிக்கு உட்பட்டும் மற்றோரிடத்தில் உட்படாமலும் இருக்கும்போது, அந்தக் குணத்தைப் பெயரிலேயே ஏற்றுவது சரியில்லை.

விடுப்பு என்பது காலம். படிவத்தில் எழுதப்போவது பணம். இழப்பு + ஈடு = இழப்பீடு என்பதைப்போல, விடுப்பு + ஈடு = விடுப்பீடு என்று வைத்துக்கொள்ளலாமா? 'குடும்ப விடுப்பீடு'. உங்கள் கருத்து வேண்டும்.

---

ஐயா, வணக்கம்.

ஊதியம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் இரண்டு தடைகள் உண்டு. மதிப்பீடு, முதலீடு என்பவற்றில் உள்ள ஈடு 'இடு' என்ற வினை நீண்டு வந்தது, பதிலுக்குத் தரும் ஈடு அன்று. அந்தப் பழக்கத்தில் வாசகர் விடுப்பீட்டை 'விடுப்பு இடுதல்' என்று, அதாவது விடுப்பு வழங்குதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மற்றது எங்கள் ஊர்த் தொல்லை. யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் அடுத்த வீட்டுச் சங்கதியை எட்டிப் பார்க்கும் ஆவல். 'குடும்ப விடுப்பு' என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு அரசாங்கம் காசும் கொடுக்கிறதென்றால் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் விண்ணப்பித்துவிடுவார்கள்!

'ஈட்டுத்தொகை' என்று விரித்துச் சொன்னால் என்ன?

---

அம்மா, மிக்க நன்றி.

யாழ்ப்பாணப் பொருளை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, தற்செயல் விடுப்பு என்று தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஊறிப்போன சொல்லைக் கைவிட மனம் வரவில்லை. 'ஈட்டுத்தொகை' என்பதற்கும் அந்த ஈட்டிய விடுப்புதான் எதிரி. சம்பாதித்துச் சேர்த்த தொகை என்று படிப்பார்கள், மறுபடியும் ஊதியத்துக்கே போய்விடுவோம்.

'இடு' பற்றிய தடை வலுவானதே. எனவே முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'குடும்ப விடுப்பீடு (விடுப்பால் இழந்த சம்பளத்துக்கு ஈடாகக் கிடைக்கும் காப்பீட்டுப் பணம்)' என்று விளக்கி எழுதிவிடுகிறேன். 'உதவித்தொகை' என்று மாற்றச் சொல்லித் தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். அவரவர் கட்டிய பணத்திலிருந்து வருவதை உதவி என்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு சிக்கலையும் நானே தீர்த்துக்கொண்டேன். வரிப் படிவத்தில் 'ஏழாவது வரி' என்று எழுதினால் அது ஏதோ ஏழாவதாக விதித்த வரி போல ஒலிக்கிறது! ஆகவே 'வரிசை'. கையேட்டில் அந்த இடம் இப்போது இப்படி இருக்கிறது:

"எட்டு வாரத்துக்கு 9,600 டாலர் குடும்ப விடுப்பீடு பெற்றீர்கள் என்று கொள்வோம். நடுவண் படிவத்தின் முதல் இணைப்பில், வேலையின்மைப் பணத்துக்கான 7ஆம் வரிசையில் அதைச் சேர்த்து எழுதுக. பிறகு கலிபோர்னியா 540 படிவத்தோடு வரும் சிஏ இணைப்பில், அதே 7ஆம் வரிசையின் ஏ பத்தியில் அத்தொகை இருக்கும். பக்கத்திலுள்ள பி பத்தியில், அதாவது கழிக்கும் பத்தியில், 9,600 என்று மீண்டும் எழுதுக. பி பத்தியை வெறுமையாக விட்டால், மாநிலம் கேட்காத வரியை நீங்களாகவே கட்டுவீர்கள்."